பலாப்பழத்தோடு நிற்கும் கோல்கீப்பர்

அண்ணாகிராமம்,
26-8-2011, வெள்ளிக்கிழமை

சிதம்பரம் மேலவீதியில் ஜெராக்ஸ் கடை நடத்திவரும் என் தம்பி மகன் செம்பியனுக்கு, பெரியப்பா பக்கிரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நீயும் இசைவாணியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். கடை ஓட வேண்டும், கடை திறந்திருக்கிற நேரத்தில் கரண்டும் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், உன் பெரியம்மா சின்னம்மாள் சுகம், கன்று போட்ட மாடு சுகம் என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவது உண்மை. மாடு மட்டும்தான் சுகம். எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் நீ.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். சொன்னேனே. மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "ஏண்டா செம்பியா" என்று நான் ஆரம்பித்ததுமே, "பெரியப்பா, டவர் இல்ல, அப்பறமா பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். சிதம்பரம் மேலவீதியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு டவர் இல்லையாம், முந்திரித் தோப்புக்குள் நிற்கிற எனக்கு இருக்கிறதாம். கடுதாசியை அப்படி வைத்துவிட முடியாது. நான் மெதுவாகப் பேசுகிறவன், எதையும் அடியிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து, முழுசும் படி.

போன திங்கட்கிழமை தபால்காரர் ஒரு பார்சலோடு வந்தார். நான் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் ஊரில் என்னை 'சொல்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், உனக்குத் தெரியும். "சொல்தா ஐயா, பிரான்சுலேர்ந்து வந்திருக்கு, கல்லு மாதிரி கனக்குது, பிரிங்க பாப்போம்" என்று அவரும் நின்றார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிற்கிற தபால்காரரை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிரித்தால் புத்தகம். சேன்-வொல்ரான் ஊர் கால்பந்து கிளப்பின் நூறு வருஷத்துச் சரித்திரம். அட்டையிலேயே அந்த செம்மண் கலர் சட்டை. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஒன்பது வருஷம் அந்தக் கிளப்புக்கு கோல்கீப்பராக நின்றவன் நான். என் முகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எச்சில் தொட்டுத் தொட்டுத் திருப்பினேன். முப்பத்தோராம் பக்கம், முழுப் பக்கத்துக்கு ஒரு படம்.

அதில் என் அப்பா நிற்கிறார். உன் தாத்தா சாமிக்கண்ணு. தலைப்பாகை, மீசை, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த முப்பது கிலோ பலாப்பழம். எழுபத்து நாலில் கடலூர் விவசாயக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய பழம் அது. பழத்துக்குத்தான் பரிசு, அவருக்கு இல்லை. அந்தப் பரிசாகக் கொடுத்த பித்தளைக் குடத்தைக்கூட உன் அத்தை கல்யாணத்தில் சீராகக் கொடுத்துவிட்டார்கள், அது வேறு சண்டை.

எனக்கு பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்துப் பக்கமே நான் போனதில்லை. தமிழ் எழுத்துகூட, பட்டாளத்துக்குப் போன கப்பலில் காரைக்கால்காரன் ஒருத்தன் கற்றுக்கொடுத்தது. அதனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு ஆரோக்கியம்மாளிடம் போனேன். அவர் புதுச்சேரி கான்வென்டில் முப்பது வருஷம் சமையல் பார்த்தவர், மதர்மார்களுக்கு பிரெஞ்சு பேப்பரே படித்துக் காட்டியவர். கண்ணாடியைத் துடைத்து, படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார்.

"சொல்தாண்ணே, சொல்லட்டுமா, கோவப்பட மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"'நம் கிளப்பின் மறக்க முடியாத கோல்கீப்பர் சாமிக்கண்ணு, தன் நாட்டு முறைப்படி பயிற்சி எடுக்கிறார்'னு போட்டிருக்கு."

பயிற்சி எடுக்கிறாராம்! பலாப்பழத்தை வைத்து! அப்புறம் புத்தகத்தோடு ஒரு கடுதாசி இருந்தது, அதையும் படித்தார். செப்டம்பர் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை நூற்றாண்டு விழாவாம். அன்றைக்கு மைதானத்தில் ஓர் இடத்துக்கு சாமிக்கண்ணு பெயரை வைத்து, இந்தப் படத்தோடு போர்டு திறக்கப்போகிறார்களாம். அங்கே தகரக் கூரை போட்ட கேலரி ஒன்று இருக்கிறது, அறுபது பேர் உட்காரலாம். அதற்குத்தான் வைப்பார்கள், வேறு என்ன இருக்கிறது அந்த மைதானத்தில்? ஆக, நான் விழுந்து புரண்ட மைதானத்தில், நான் முட்டி பேர்ந்த மைதானத்தில், பந்தை ஜென்மத்தில் தொடாத என் அப்பா பலாப்பழத்தோடு நிற்கப்போகிறார். எனக்கு எப்படி இருக்கும்? நீயே சொல்லு.

என் போனில் மூன்று தடவையும் நீ வைத்துவிட்டதால், ஆரோக்கியம்மாள் போனிலிருந்து கூப்பிட்டேன். புது நம்பர் என்றதும் முதல் ரிங்கிலேயே எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா?

"ஹலோ, யாரு?"

"உன் பெரியப்பன்டா."

"பெரியப்பா, டவர்..."

"டவரப் பத்திப் பேசினே, இப்பவே பஸ் ஏறி வந்து கடை வாசல்ல குந்திக்குவேன். யார்ரா தாத்தா போட்டோவ அனுப்புனது?"

"நாந்தான் பெரியப்பா. அவுங்க மெயில் அனுப்பியிருந்தாங்க. சாமிக்கண்ணு போட்டோ வேணும், பந்தோட இருந்தா நல்லதுன்னு. சாமிக்கண்ணு தாத்தாதான? நம்ம வீட்டுல அவர் போட்டோ அது ஒண்ணுதான் இருக்கு."

"பந்தாடுனது நான்டா!"

"அது தெரியும் பெரியப்பா. நம்ம பக்கம் ஒருத்தருக்குப் பெருமை பண்ணா, பெத்தவங்க படத்தப் போட்டு விளக்கேத்தித்தான ஆரம்பிப்பாங்க? அங்கயும் அப்புடித்தான் போலன்னு நெனச்சேன்."

"பழம்?"

"பந்துன்னாங்க. அதுதான் உருண்டையா இருந்துச்சி."

உனக்குக் கம்ப்யூட்டர் வாங்க நான்தான் முதல் பணம் போட்டேன் என்பதை இங்கே சொல்லிக்காட்ட மாட்டேன். எழுதிவிட்டேன், இருந்தாலும் சொல்லிக்காட்டவில்லை. அவர்கள் ஏன் சாமிக்கண்ணு என்று கேட்டார்கள் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நான் வாயைத் திறந்தாலே நீங்கள் எல்லோரும் டிவி பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். இப்போது எழுத்திலேயே தருகிறேன், லேமினேஷன் போட்டு வைத்துக்கொள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். உன் கொள்ளுப்பாட்டி வீடு பாகூரில் இருந்தது, அது அப்போது பிரெஞ்சுக்காரன் பூமி. அதனால் தலைப்பிள்ளையான நான் அங்கே பிறந்தேன். எனக்குப் பின்னால் பிறந்த உங்கப்பன் இங்கே அண்ணாகிராமத்தில் பிறந்தான். ஒரே வயிறு, ஒரே தாய்ப்பால், நான் பிரான்சு, அவன் இந்தியா. பதினெட்டு வயசில் பட்டாளத்தில் சேரப் புதுச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் பேரைக் கேட்டார், பக்கிரி என்றேன். குடும்பப் பேர் என்ன என்றார். எனக்கு ஏது குடும்பப் பேர்? இனிஷியல் 'சா' என்றேன். அவருக்குப் புரியவில்லை. 'சா' என்றால் என்ன, முழுசாகச் சொல்லு என்றான் பக்கத்தில் இருந்த தமிழ்க்காரன். அப்பா பேரை வாயால் சொல்லவே எனக்குக் கூச்சம், எழுந்து நின்றுதான் சொல்வேன். அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு "சாமிக்கண்ணுங்க" என்றேன். எழுதிக்கொண்டார். அன்றைக்கு என் பேர் போனது. முப்பத்தெட்டு வருஷம் பிரான்சில் என்னை எவனும் பக்கிரி என்று கூப்பிடவில்லை. அங்கே குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேஸ்திரி கூப்பிட்டாலும் சாமிக்கண்ணு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டாலும் சாமிக்கண்ணு. ஊரில் அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பார், அங்கே அவர் பேரைச் சொல்லி எனக்கு ஊசி போடுவார்கள்.

இப்போது கிளப்புக்கு வருகிறேன். சேன்-வொல்ரான் சின்ன ஊர். நம் காட்டுமன்னார்கோயிலில் பாதி இருக்கும், ஏரியும் கிடையாது. ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர், தொழிற்சாலை ஃபோர்மன் மூன்று பேரும் சேர்ந்து கிளப் ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தாடினால் பூசைக்கு யார் வருவது என்று சர்ச் சாமியார் சண்டைக்கு வந்தார். மத்தியானத்துக்கு மாற்றினார்கள். பிறகு சாமியாரே வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்த ஆரம்பித்தார். முதலில் வெள்ளைச் சட்டைதான் போட்டார்கள். ஓட்டுக்கு மண் எடுக்கிற பூமி, செம்மண், ஒரு தடவை விழுந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது. இரண்டாவது வருஷம் துவைத்துப் பார்த்து ஓய்ந்துபோய், இதுதான் நம் கலர் என்று வைத்துக்கொண்டார்கள். முதல் உலகச் சண்டைக்குப் பதினோரு ஆட்டக்காரர்களும் போனார்கள், நாலு பேர்தான் திரும்பினார்கள். அந்த நாலு பேரும் ஒரு வருஷம் நாலு பேராகவே ஆடினார்கள் என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை, ஆனால் சொல்கிற கிழவன் அழுதுகொண்டே சொல்வான், எப்படி மறுப்பது? ரெண்டாவது சண்டையில் ஜெர்மன்காரன் மைதானத்தில் லாரியை நிறுத்தினான். அவன் போனதும் பசி தாங்காமல் ஊரே அதில் உருளைக்கிழங்கு போட்டது. நாற்பத்தாறில் மறுபடி மைதானம் ஆக்கினார்கள். நான் நின்ற காலத்திலும் மழை பெய்தால் இடது பக்கக் கம்பத்துக்கு அடியில் கிழங்குச் செடி முளைக்கும். ஆட்டம் முடிந்து பிடுங்கிக்கொண்டு போவேன், பொரியலுக்கு ஆகும்.

மேலே எத்தனை டிவிஷன் இருக்கிறது என்று அண்ணாந்து எண்ணினால் கழுத்து வலிக்கும், அவ்வளவு கீழே இருந்தது கிளப். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து ஊர்க்காரன் அதைவிட ஒரு படி கீழே இருந்தான். அது போதும் எங்களுக்கு. அவன் கீழே இருக்கிறவரைக்கும் எங்களுக்குச் சாப்பாடு ருசியாக இருக்கும்.

பட்டாளம் முடிந்து ஐம்பத்தெட்டில் அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிருக்கு ஒடுங்கிக்கொண்டு ஆட்டம் பார்த்தேன். எவனோ உதைத்த பந்து உயர எழும்பி என் தலைக்கு நேராக வந்தது. எல்லோரும் விலகினார்கள். நான் முழங்காலை மடக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, இரண்டு கையாலும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். வேறு எப்படிப் பிடிப்பது? சின்ன வயசில் அப்பா மரத்தின் மேலே நின்று பலாப்பழத்தை அறுப்பார், நான் கீழே நின்று சாக்கை விரித்து வாங்குவேன். பெரிய பழத்தைக் கயிறு கட்டி இறக்குவார்கள், சின்னப் பழத்துக்கு நான்தான் கயிறு. பழம் கீழே விழுந்து வெடித்தால் போச்சு. ஒரு தடவை அடுத்த தோப்புக்காரர் பழத்தை நான் விட்டுவிட்டேன். தோப்புக்காரர் வந்து குதித்தார். அப்பா மரத்திலிருந்து இறங்கி, "என் கைதாங்க தவறிச்சி, புள்ள மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டார். இது இப்போது எதற்கு வந்தது? ஆங், பந்து. நான் பிடித்ததைப் பார்த்த ரொட்டிக்கடைக்காரர் அடுத்த வாரமே என்னைக் கோலில் நிறுத்திவிட்டார்.

முதல் ஆட்டம். முந்நூறு பேர் "சாமிக்கனூ! சாமிக்கனூ!" என்று கூவினார்கள். எனக்கு அப்பா வந்துவிட்டாரோ என்று பகீரென்றது. திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு கோல் போய்விட்டது. அதற்கப்புறம் அதே முந்நூறு பேர் அதே பேரைச் சொல்லித் திட்டினார்கள். என்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்வேன். என் அப்பாவை, ஊரில் பெரிய மனுஷன், அவர் முன்னால் துண்டைத் தோளில் போட மாட்டார்கள், அவரை இந்தப் பயல்கள் ஏகவசனத்தில் திட்டுகிறார்கள்! அந்த வேகத்தில்தான் நான் அதற்கப்புறம் பந்தை விடவில்லை. அறுபத்தொன்றில் கோப்பை ஆட்டத்துக்குப் பெரிய டவுன் கிளப் ஒன்று தனி பஸ்ஸில் வந்து இறங்கியது. அவர்களுக்குச் சட்டை துவைக்கவே தனி ஆள். கடைசி நிமிஷம், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால். அவர்களுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார் நடுவர். உதைத்தவன் எருமைக்கடா மாதிரி இருந்தான். பந்து வந்தது, வயிற்றில் வாங்கினேன், மடங்கி விழுந்தேன், பழம் வெடிக்கவில்லை. அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். நடுவர் விசில் ஊதி ஐந்து நிமிஷம் ஆகியும் பந்தைக் கொடுக்கவில்லை. பந்தோடு சேர்த்துத்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள், திருவதிகைச் சாமி புறப்பாடு கெட்டது போ. அதையெல்லாம் முப்பதாம் பக்கத்தில் சரியாகவே எழுதியிருக்கிறார்கள் என்கிறார் ஆரோக்கியம்மாள். எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் யார் படம்? பலாப்பழம்!

அறுபத்து மூன்றில் லீவில் ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார். "வெள்ளக்காரன் ஊர்ல என்னாடா பண்றே?"

"ஓட்டுக் கம்பெனியில வேல. ஞாயித்துக்கெழம ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிக்கிறேம்பா. பந்து வந்தா புடிப்பேன்."

"வரலன்னா?"

"சும்மா நிப்பேன்."

"அதுக்கு ஒரு ஆளா? நம்ம தோப்புல கொரங்கு வெரட்ட ஆள் இல்லாமக் கெடக்கு."

அவ்வளவுதான் அவருக்கும் கால்பந்துக்கும் இருந்த சம்பந்தம். அந்த மனுஷனுக்குத்தான் போர்டு!

மிச்சச் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் குளிர் உனக்குத் தெரியாது. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடுகிறவனுக்குச் சூடு இருக்கும், நிற்கிற கோல்கீப்பருக்கு என்ன இருக்கிறது? கோலுக்குப் பின்னாடியே ரொட்டிக்கடைக்காரர் வீட்டம்மா பெரிய அண்டாவில் வெங்காய சூப் காய்ச்சி விற்பார், நல்ல மனுஷி. அறுபத்தேழில் கிளப் ஒரு டிவிஷன் கீழே இறங்கியது. ஏன் இறங்கியது, யாரால் இறங்கியது என்பதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம்? பனி. அந்த வருஷத்தோடு நானும் முட்டி வலி என்று ஆட்டத்தை நிறுத்திக்கொண்டேன். எண்பத்தொன்பதில் இரண்டு ஊரிலும் பதினோரு பேர் தேறாமல், ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவனோடேயே கிளப் சேர்ந்துவிட்டது. எந்த ஊர் பேர் முன்னால் வருவது என்று இரண்டு வருஷம் சண்டை. தொண்ணூற்றொன்றில் நான் ஊருக்குத் திரும்பும்போதும் முடியவில்லை. போதும், இதுதான் சரித்திரம். இதில் பலாப்பழம் எங்கே வருகிறது என்று நீ காட்டு பார்க்கலாம்.

சரி, அங்கேதான் தப்பு நடந்தது, அவன் வெள்ளைக்காரன், விடுவோம். இங்கே? புதன்கிழமை காலையில் பால் ஊற்றப் போனால், பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டு அடிக்கு ஃபிளெக்ஸ் பேனர். "பிரான்சு மண்ணில் வெற்றிக்கொடி நாட்டிய அண்ணாகிராமத்தின் கால்பந்துச் சிங்கம் அமரர் சாமிக்கண்ணு." நடுவில் அதே படம், அதே பழம். வார்டு எலெக்ஷனில் நிற்கப்போகிறவர் ஒரு மூலையில் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறார். கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? டிசைன், செம்பியன், மேலவீதி, சிதம்பரம். உன் போன் நம்பரோடு! எனக்கு டவர் கிடைக்காத அதே நம்பர்!

டீக்கடையில் தேவநாதன் அடிக்கிற கதையைக் கேட்டிருந்தால் நீ காதைப் பொத்திக்கொள்வாய்.

"எங்க தாத்தா சொல்லுவாரு, சாமிக்கண்ணு ஒரு ஒத ஒதச்சா பந்து கெடில ஆத்தத் தாண்டிப் போயி விழுமாம்."

"ஏன்யா தேவநாதா, எங்கப்பா பந்தக் கண்ணால பாத்ததில்ல."

"நீங்க பிரான்சுல இருந்துட்டீங்க சொல்தா, உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

பார்த்தாயா நியாயத்தை? பிரான்சில் நடந்தது, நான் பிரான்சில் இருந்தேன், அதனால் எனக்குத் தெரியாதாம்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலேயே விழா. படத்துக்கு மாலை. என்னைக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மைக் பிடித்தவன் சொன்னான், "அடுத்து, கால்பந்து வீரரின் அருமை மகன் பக்கிரி அய்யா அவர்களுக்குப் பொன்னாடை." மகனாம்! எழுந்து உண்மையைச் சொல்லலாம் என்று மைக்கைப் பிடித்தேன். அடியிலிருந்து சொன்னால்தானே எனக்கு வரும்? பாகூரில் தலைப்பிரசவம் என்று ஆரம்பித்தேன், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார்கள். இறங்கி வரும்போது ஒரு டிராயர் பையன் கேட்கிறான், "தாத்தா, உங்கப்பா இவ்ளோ பெரிய ஆட்டக்காரரு, நீங்க ஏன் ஆடல?" உன் பெரியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டால், "பெத்தவருக்குக் கெடச்ச மரியாதையில பங்கு கேட்டு நிக்கிற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன். பேசாம படுங்க" என்கிறாள். எப்படிப் படுப்பது? இரண்டு நாளாக ஊரில் என்னைப் பார்க்கிறவன் எல்லாம் "சிங்கத்தோட புள்ள போவுது பாரு" என்கிறான். எழுபத்தாறு வயசில் நான் பிள்ளையாகிவிட்டேன்.

ஆகையால் நீ என்ன செய்கிறாய் என்றால், இந்தக் கடுதாசி கிடைத்த நிமிஷமே கடையில் இருக்கிற கூட்டத்தை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அந்தக் கிளப்புக்கு மெயில் போடு. பழத்தோடு நிற்பவர் தகப்பனார் சாமிக்கண்ணு, ஆடியவர் மகன் பக்கிரி, அவர் உயிரோடு இருக்கிறார், அண்ணாகிராமத்தில் கோபமாக இருக்கிறார் என்று எழுது. புத்தகத்தை மறுபடி அச்சடிக்கச் சொல்லு, முடியாவிட்டால் முப்பத்தோராம் பக்கத்தின் மேலே என் படத்தை ஒட்டச் சொல்லு. இந்தக் கவருக்குள்ளேயே என் போட்டோ இருக்கிறது. அறுபத்தொன்றில் எடுத்தது, செம்மண் கலர் சட்டை, கறுப்பு வெள்ளைப் படமானாலும் செம்மண் தெரியும், கையில் நிஜப் பந்து. போர்டில் 'பக்கிரி' என்று எழுத வேண்டும், இனிஷியல் கூட வேண்டாம். இனிஷியலால்தானே இவ்வளவும். செப்டம்பர் பதினெட்டுக்குள் இது நடக்கவில்லை என்றால் எனக்குக் கொள்ளி போட நீ வரவேண்டாம். பேனரையும் வந்து நீயே உன் கையால் அவிழ்த்துவிட்டுப் போ. புத்தகத்தில் நாற்பது பக்கம்தான் ஆரோக்கியம்மாள் படித்திருக்கிறார், கண்ணில் சொட்டு மருந்து விட்டிருப்பதால் மீதியை இன்றைக்கு வந்து படிக்கிறேன் என்றார். அதில் இன்னும் எத்தனை இடத்தில் என் பேரை விழுங்கியிருக்கிறார்களோ, எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு கடுதாசி போடுகிறேன்.

இசைவாணிக்கு என் ஆசீர்வாதம். குழந்தைக்கு என் முத்தம், அது ஒன்றுதான் உங்கள் வீட்டில் நான் சொல்லும் கதையைக் காது கொடுத்துக் கேட்கிறது, பேச்சு வராததால் இருக்கலாம். வீரட்டானேசுவரர் உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உனக்கு மட்டும் கொஞ்சம் புத்தியும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் கோல்கீப்பர்,
பக்கிரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை கிளறிக்கொண்டிருந்தேன், ஆரோக்கியம்மாள் வந்துவிட்டார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"சொல்தாண்ணே, அறுவத்தேழுல என்னா நடந்துச்சி?"

"ஒண்ணும் நடக்கலியே."

"சூப்பு குடிச்சீங்களா?"

எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள், பாவிகள். கடைசி ஆட்டம், சமமாக முடிந்தாலே கிளப் அதே டிவிஷனில் இருந்திருக்கும். முடிய நாலு நிமிஷம். பந்து அந்தக் கோடியில் கிடந்தது, கை விறைத்துப்போச்சு, ரொட்டிக்கடை அம்மா கோப்பையை நீட்டினார், வாங்கினேன். அந்தக் கோடியிலிருந்து ஒருத்தன் சும்மா உதைத்த பந்து, பூனை நடக்கிற மாதிரி உருண்டு உருண்டு வந்து, எனக்குப் பக்கத்திலேயே உள்ளே போனது. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்திருந்தேன். 'கோல் விழுந்தது, சூப் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை' என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு இறங்கிய கிளப் இன்றுவரைக்கும் ஏறவில்லையாம். அந்த ஊரில் இப்போதும் எவனாவது வேலை நேரத்தில் சும்மா நின்றால், 'சாமிக்கண்ணு சூப் குடிக்கிறான்' என்றுதான் சொல்வார்களாம். நூற்றாண்டுக்குப் பேர் வைக்கப்போவதும் கேலரிக்கு இல்லை, சூப் கடைக்கு.

ஆகையால் செம்பியா, மெயில் கியில் எதுவும் போடாதே. கவரிலிருந்து என் போட்டோவை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பக்கிரி என்று ஒருத்தன் இருக்கிறான் என்றே அவர்களுக்குத் தெரிய வேண்டாம். பேனரும் இருக்கட்டும், மழையில் நைந்தால் இன்னொன்று அடித்து அனுப்பு. அன்றைக்கும் அவர்கள் அப்பா பேரைச் சொல்லித்தான் திட்டினார்கள், திட்டு அவரோடேயே இருக்கட்டும். அவருக்கும் எதையும் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் பிடிக்கும். படத்தை நீயே பார், பழத்தை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் கைதான் தவறியது என்று அவரே சொல்லிக்கொள்வார்.